பொத்தான் பெரிது, கோட்டு சிறிது

முதல்வர் அறையில் அன்று காலை யார் யார் இருந்தார்கள், எவரெவர் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த வழக்கில் அது முக்கியம்.

மேசைக்குப் பின்னால், சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி கல்லூரி முதல்வர் அம்மாள். அவருக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டிப் போட்டிருந்த குட்டிச் சோபாவில் இரண்டு பேர்: இழைப் பாடம் நடத்துவதால் இழை சார் என்று பெயர் வாங்கிய துறைத் தலைவர்; அவர் தோளோடு தோள் இடித்தபடி, குற்றம் சாட்டப்பட்ட மாணவி. சோபா அவ்வளவுதான் இடம் கொடுத்தது. இடப்பக்கம், கதவோரத்துத் தனி நாற்காலியில், கோட்டைப் பறிகொடுத்த மாணவி. மேசைக்கு எதிரே என் நாத்தனார். அவளுக்குப் பின்னால், அலமாரிக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு ஸ்டூலில் நான்.

என் நாத்தனார் துப்பறிகிறவள். நான் அவளுடைய அண்ணன் மனைவி. அவளுக்கு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போவது, அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் என் வேலை. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன்.

"சுருக்கமா சொல்லிடறேன்," என்றார் முதல்வர். பிறகு விரிவாகச் சொன்னார்.

நெசவும் உடையும் சொல்லித்தரும் கல்லூரி அது. கடைசி ஆண்டு மாணவர்கள், யாரும் நினைத்துப் பார்க்காத நாரிலும் இழையிலும் உடை செய்து கண்காட்சி வைக்க வேண்டும். பருத்தி, பட்டு, ஆட்டுக் கம்பளி மூன்றுக்கும் தடை. உள்துணிக்கு மட்டும் விலக்கு. கதவோரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நாய் முடியை நூலாகத் திரித்துக் கோட்டு பின்னியிருந்தாள். தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் பையிலிருந்து சீப்பை எடுத்து வார ஆரம்பித்துவிடுவாள் என்பதால் அவளுக்குச் சீப்பு என்றே பெயர். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த முடியாம். இனி வேண்டுமென்றாலும் அத்தனை முடி கிடைக்காது. அந்தக் கோட்டுதான் காணாமல் போயிருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவளை நாடா என்பார்கள். பழைய கேசட்டுகளின் ஒலிநாடாவை உருவியெடுத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பாக மினுங்கும் கவுன் ஒன்றைப் பின்னியிருந்தாள். கவுனும் கோட்டும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில். நாடாவுக்கு நாய் முடி ஆகாது. தும்மித் தும்மி ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"'இந்தச் சனியனை யாராவது தூக்கிட்டுப் போய்த் தொலைங்க'ன்னு மூணு நாள் முந்தி எல்லார் முன்னாடியும் கத்தியிருக்கா," என்றார் முதல்வர். "அன்னைக்குச் சாயங்காலம் ஹாலைப் பூட்டினதும் இவதான். மறுநாள் கோட்டைக் காணோம். எடுத்ததை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, கௌரவமா படிப்பை விட்டுட்டுப் போகலாம். இல்லைன்னா நாங்க நீக்கணும். சாயங்காலம் கண்காட்சி திறக்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். வீட்டுக்குக்கூடக் காலையிலயே போன்ல சொல்லியாச்சு."

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என் நாத்தனார் முதல்வரைக் கேட்கவில்லை, நாடாவைக் கேட்டாள்.

"பெட்டியைக் கட்டுன்னார் அப்பா. நாளைக்கு விடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறாராம்."

"வேற?"

"வேற ஒண்ணுமே கேக்கல மேடம். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல." சொல்லிவிட்டு ஒரு தும்மல் போட்டாள். பின்னாலேயே இன்னொன்று.

"பாத்தீங்களா!" முதல்வர் பேனாவால் மேசையைத் தட்டினார். "அந்தக் கோட்டு பக்கத்துல இருந்தாத்தான் தும்முவா. இப்பவும் தும்மறான்னா, முடி இவமேல ஒட்டியிருக்குன்னுதானே அர்த்தம்?"

கதவோரத்திலிருந்த சீப்பு தலையைத் திருப்பிக்கொண்டாள். தோழியைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நீ எழுந்து வா," என்றாள் என் நாத்தனார். "அண்ணி, உங்க ஸ்டூலை இவளுக்குக் குடுங்க. நீங்க சோபாவுக்குப் போங்க."

இடம் மாறினோம். சோபாவில் இழை சாருக்குப் பக்கத்தில் நான் உட்கார, அவர் மரியாதையாக ஓர் அங்குலம் நகர்ந்தார். அதற்குமேல் நகர இடமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்த நாடா கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள். தும்மல் வரவில்லை. காத்திருந்தோம். வரவே இல்லை.

"முடி அவ மேல ஒட்டியிருந்தா, தும்மலும் அவ கூடவே ஸ்டூலுக்கு வந்திருக்கணுமே," என்றாள் நாத்தனார்.

எல்லாரும் சோபாவைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கிறார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் பூனைகூட வளக்கலங்க," என்றேன்.

இழை சார் சிரித்தார். "என்னாலதான் இருக்கும். காலையில சீப்பு என் தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதுச்சு. அது போற இடமெல்லாம் முடியை உதிர்த்துக்கிட்டேதான் போகும்."

"அதானே," என்று உடனே ஒத்துக்கொண்டாள் நாத்தனார். அவள் உடனே ஒத்துக்கொள்வது அபூர்வம். என் கல்யாணத்துக்கே மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள்.

"சார் ரொம்ப நல்ல மனசு," என்றார் முதல்வர். "போலீஸெல்லாம் வேணாம், பிள்ளைங்க எதிர்காலம், இந்த ரெண்டு பேரைக் கூப்பிடுங்கன்னு உங்க பேரைச் சொன்னதே அவர்தான்."

இழை சார் அடக்கமாகக் குனிந்துகொண்டார். வெளிர் ரோஜா நிறச் சட்டையில், நலுங்காமல், பெண் பார்க்க வந்தவர்போல இருந்தார்.

ஹாலைப் பார்க்க வேண்டுமென்றாள் நாத்தனார். மற்ற மூவரையும் அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு முதல்வர் முன்னால் நடந்தார். ஹாலுக்கு முதலாண்டு மாணவர்களின் அறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கேயும் சின்னதாக ஒரு கண்காட்சி. சோளத்தோலில் தொப்பி, வெங்காயம் வரும் வலைப்பையில் கையுறை, தென்னங்கயிற்றில் ஒரு செருப்பு. செருப்பைப் பார்த்தாலே கால் அரித்தது.

நடுவில் ஒரு குழந்தை பொம்மைக்குச் சாம்பல் நிறக் கோட்டு மாட்டியிருந்தார்கள். தடியாக, கெட்டியாக, பழைய காலத்துத் தபால்காரர் கோட்டைக் குட்டிபோட வைத்ததுபோல. கோட்டின் ஓரத்துக்குக் கீழே சிவப்புத் துணி கொசகொசவென்று எட்டிப் பார்த்தது.

"அய்யோ, கொசுவம் வெச்சுத் தெச்சிருக்குங்க பாரு," என்றேன்.

"எங்க முதல் வருஷப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து பண்ணது." முதல்வருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுக்கு ஒரு சிறப்புப் பரிசு குடுக்கலாம்னுகூட யோசிக்கறேன்."

பொத்தான்கள் திறந்திருந்தன. குழந்தை என்றால் பொத்தான் போட்டுவிடாமல் என் கை சும்மா இருக்காது. போட்டுப் பார்த்தேன். பொத்தான் ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு. துளையோ என் சுண்டுவிரல் நுழையும் அளவு. நான் அழுத்த, பொம்மைதான் சாய்ந்தது.

"அண்ணி, பரிசு வாங்கப்போற பிள்ளையைக் கீழ தள்ளாதீங்க," என்றாள் நாத்தனார்.

"கை புண்ணாப் போச்சு. பொத்தானை முழுங்கிடக் கூடாதுன்னு பெருசா வெச்சிருக்காங்க, சரி. போடவே கூடாதுன்னு துளையைச் சின்னதா வெச்சா எப்படி?"

அவள் அந்தக் கோட்டின் பக்கத்தில், நான் தள்ளிய பொம்மையை நிமிர்த்துகிற சாக்கில், கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

ஹாலில் பெரியவர்களின் உடைகள். மீன்வலையில் ஒரு மேலாடை, வாழை நாரில் ஒரு சட்டை, செய்தித்தாளை முறுக்கி நெய்த பாவாடை. பாவாடையின் இடுப்பில் இருந்த செய்தியைப் படித்துக்கொண்டே போய்ப் பின்பக்கம் தொடர்ச்சியைத் தேடினேன். நாடாவின் கறுப்புக் கவுன் அசைவில்லாமல் பளபளத்தது. அதன் பக்கத்தில் மொட்டைத் தாங்கி. காலடியில் அட்டை மட்டும் மீதி: 'எங்கள் தெருவின் தோழர்கள்'.

"கோட்டு எவ்வளவு பெருசு?" என்றாள் நாத்தனார்.

"முழங்காலுக்குக் கீழ வரும். தொளதொளன்னு, புசுபுசுன்னு. ஒரே கோட்டுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்," என்றார் முதல்வர்.

"புகைப்படம்?"

"படம் எடுக்கறவர் சாயங்காலம்தான் வரார்."

"அவ்வளவு பெரிய பொருளை இந்தப் பொண்ணு எப்படி வெளிய கொண்டு போயிருப்பா?"

"போட்டுக்கிட்டே போயிருப்பா," என்றார் முதல்வர்.

"தும்மிக்கிட்டேவா? வாசல்ல காவலாளி இருக்கார். மேளம் அடிச்சுக்கிட்டுத் திருடப் போன கதைதான்," என்றேன். முதல்வருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறுதியானது.

நாடாவைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்தோம். அவள் தூணோடு ஒட்டி நின்றாள்.

"பரிசு வேணும்னு ஆசையா?" என்றாள் நாத்தனார்.

"யாருக்கு மேடம் இருக்காது? ஆனா அவளோட கோட்டைத் தோக்கடிச்சு வாங்கணும். ஒளிச்சு வெச்சு இல்ல."

"சனியன்னு சொன்னியாமே."

"சொன்னேன். அவளையும்தான் தினம் சொல்றேன். அவ காணாமலா போயிட்டா?" நாடா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவ்வளவு வெறுத்திருந்தா அந்தக் கோட்டுக்கு வேலை செஞ்சிருப்பேனா? உள்துணி தெக்கறப்போ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சிவப்புப் பருத்தி. ரெண்டு நாள் கண்ணு ரெண்டும் அந்தத் துணி மாதிரியே ஆயிடுச்சு. பொத்தான் நான் செஞ்சு குடுத்தது. நாடாவை உருவின கேசட் கூடு மிச்சம் இருந்துச்சுல்ல, அதை உருக்கி வட்டமா ஊத்தினேன். உத்துப் பாத்தா உள்ள எழுத்தெல்லாம் பாதி பாதியாத் தெரியும்."

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். பொத்தானோடு மல்லுக்கட்டிய விரலில் இன்னும் தடம் இருந்தது.

"அண்ணி, நீங்க கொஞ்சம் வாயை—"

"மூடிக்கறேன்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து இழை சாரே வந்து சேர்ந்தார். அறையில் உட்கார முடியவில்லையாம். "ஏதாவது தடயம் கிடைச்சுதா?" அவர் கிட்டே வந்ததும் நாடா இரண்டு தும்மல் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"தடயம் எங்க சார் கிடைக்குது?" பெருமூச்சு விட்டாள் நாத்தனார். "உங்க சட்டைதான் கண்ணுலயே நிக்குது. எங்க எடுத்தீங்க? எங்க அண்ணனுக்கு ஒண்ணு எடுக்கணும்."

இழை சாரின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "அட, நீங்களும் சொல்றீங்களா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குன்னு என் வீட்டுக்காரி முதல்முதலா இந்தச் சட்டைக்குத்தான் சொன்னா. மறுபடியும் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"எந்தக் கடை?"

"கடை... கடை ஞாபகம் இல்ல." விளக்கு கொஞ்சம் மங்கியது. "கலர் சாயம் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது. என் பாடம் இழை."

அவர் போனபிறகு நாத்தனார் கேட்டாள்: "என்ன பாத்தீங்க அண்ணி?"

"ரோஸ் சட்டை. நல்லா இருந்துச்சு. உங்க அண்ணன் போட்டா பஞ்சு மிட்டாய் மாதிரி இருப்பார்."

"தையலைப் பாத்தீங்களா? காலர், பை, கை எல்லாத்துலயும் தையல் நூல் மட்டும் வெள்ளை வெளேர்னு."

"வெள்ளை நூல்ல தெச்சிருப்பாங்க."

"ரோஸ் துணிக்கு எந்தத் தையல்காரர் வெள்ளை நூல் போடுவார்? அது வெள்ளைச் சட்டையாப் பிறந்தது. துணி சாயத்தைக் குடிச்சிடுச்சு, நூல் குடிக்கல. சிவப்பு எதுகூடவோ சேர்ந்து குளிச்சிருக்கு."

எங்கள் வீட்டில் ஒருமுறை பள்ளிக்கூடச் சீருடை ஆறும் இப்படி ஆகி, பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்கக் கேலிக்கு ஆளானார்கள். சிவப்புத் துண்டைப் போட்டது யார் என்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தெரியாது. அவள் அண்ணன் என்பது என் கட்சி.

அதன்பின் முதலாண்டு அறைக்குத் திரும்பினோம். இரண்டு மூன்று பேர் பெயர் அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் குட்டிக் கோட்டு யார் பண்ணது?" என்றாள் நாத்தனார்.

"சோளத்தொப்பி குரூப்புங்க மேடம்," என்றாள் ஒருத்தி.

"நாங்க இல்ல," என்றான் சோளத்தொப்பிக்காரன். "செருப்பு குரூப்பு."

செருப்புக்காரி நிமிர்ந்தாள். "நாங்களா? கையுறைக்காரங்கன்னு நெனச்சு நேத்து அவங்களுக்குக் கை குடுத்துப் பாராட்டிட்டேனே! அவங்களும் நன்றின்னு சொன்னாங்களே!"

"அட்டையில கூட்டு முயற்சின்னுதானே போட்டிருக்கு," என்றான் இன்னொருவன்.

"அது சரி. யாருமே முயற்சி பண்ணாததைத்தான் கூட்டு முயற்சிங்கறோம்," என்றேன்.

நாத்தனார் எல்லாரையும் அந்த அறைக்கே கூப்பிட்டு அனுப்பினாள். முதல்வர் வந்தார். சீப்பு வந்தாள். இழை சார் வந்து, குழந்தை பொம்மையிலிருந்து எட்டியவரை தள்ளிப்போய்ச் சன்னலருகே நின்றார். நாடா கடைசியாக வந்தாள்.

"மேடம், கோட்டு இந்தக் கல்லூரியை விட்டு வெளிய போகவே இல்ல," என்றாள் நாத்தனார். "கண்காட்சியில இப்பவும் இருக்கு. காலையில எனக்கு நீங்களே காட்டினீங்க. பரிசுகூடக் குடுக்கறதா இருந்தீங்க."

முதல்வர் சுற்றுமுற்றும் பார்த்தார். சோளத்தொப்பியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நாடா, அந்தப் பொம்மைகிட்டப் போ."

அவள் இரண்டடி வைத்ததும் ஒரு தும்மல் வந்தது. அது ஒன்றும் பெரிய தும்மலில்லை. குளித்துக் கரையேறிய நாய்க்கு உரிய சின்னத் தும்மல்தான்.

"நாய் மோப்பம் பிடிச்சுக் கேட்டிருக்கேன். நாயையே மோப்பம் பிடிக்கறதை இப்பத்தான் பாக்கறேன்," என்றேன்.

"சீப்பு, நீ வந்து பொத்தானைப் பாரு."

சீப்பு குனிந்தாள். பொத்தானை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளே உருகி வளைந்த அரை எழுத்துகள். அவள் கை அப்படியே நின்றது. மெல்லக் கோட்டைத் தடவினாள். ஓரத்தில் தொங்கிய சிவப்புத் துணியைத் தூக்கினாள். உள்ளே தையலைப் பார்த்தாள்.

"இது என் தையல்," என்றாள். "இது... என் கோட்டு."

"கோட்டு சுருங்கும். உள்துணி அந்த அளவுக்குச் சுருங்காது, அதான் கீழ கொசுவமாத் தொங்குது," என்றாள் நாத்தனார். "துளை கோட்டோட சேர்ந்து சுருங்கிடும். பொத்தான் சுருங்காது. அண்ணியோட விரலுக்குத் தெரிஞ்சது என் மூளைக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் ஆச்சு."

"சுடுதண்ணியில போட்டு மெஷின்ல சுத்த விட்டிருக்காங்க," என்றாள் சீப்பு. அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "ஆட்டு முடி மாதிரியேதான் நாய் முடியும். சூட்டுல ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இறுகிடும். ரெண்டாம் வருஷப் பாடம். இங்க படிக்கற யாரும் இதைச் செய்ய மாட்டாங்க."

"படிக்கறவங்க செய்ய மாட்டாங்கதான்," என்ற நாத்தனார் சன்னல் பக்கம் திரும்பினாள். "சார், உள்துணியில இருந்த சிவப்புல பாதி அதுல இல்ல. வெளிறிக் கிடக்கு. மீதி எங்க போச்சுன்னு நான் சொல்லவா, இல்ல உங்க வீட்டுக்காரம்மாவைக் கேக்கவா?"

இழை சார் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஏதோ அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதுபோல, இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டார்.

"நல்லது பண்ணத்தான் போனேன்," என்றார். மார்பிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார். "நல்லது பண்ணத்தான் போனேன் மேடம். நாலு நாளா மழை. ஈரக்காத்துல கோட்டு நாய் வாசனை அடிச்சுது. பரிசு அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். வெளியிலேர்ந்து வர நடுவருங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடக் கூடாதேன்னு, என் சாவியால ஹாலைத் தெறந்து எடுத்து, நம்ம சாயப்பட்டறைத் துவைக்கற மெஷின்ல போட்டேன். சட்டையில டீ கொட்டியிருந்துது. வேற சட்டை வெச்சிருந்தேன், மாத்திக்கிட்டேன். தண்ணி வீணாகாம இதுவும் சேர்ந்து துவையட்டும்னு..."

"சுருங்கும்னு பாடம் நடத்தினதே நீங்கதானே சார்!" என்றாள் சீப்பு.

"நடத்தினேன். எந்தத் திருகி சுடுதண்ணின்னு எனக்கு யாரும் பாடம் நடத்தலயேம்மா. வீட்டுல மெஷின் பக்கம் என்னை விடவே மாட்டா. எதுவரைக்கும் திரும்புமோ அதுவரைக்கும் திருப்பினேன். தெறந்து பாத்தா உள்ள ஒரு குழந்தை கிடக்கு."

முதலாண்டுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். நாடா சிரிக்கவில்லை.

"குப்பையில போட மனசு வரல. அந்தப் பொம்மைக்கு மாட்டி, கூட்டு முயற்சின்னு அட்டை வெச்சுட்டேன்," என்றார் இழை சார். "இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். காலையில பாத்தா விஷயம் எங்கயோ போயிடுச்சு. அதான் இவங்களைக் கூப்பிடச் சொன்னேன். இவங்க மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு."

"கண்டுபிடிக்க மாட்டோம்னா?" என்றேன்.

இழை சார் சட்டைப் பொத்தானைத் திருகியபடி ஆமாம் என்று தலையை ஆட்டினார். நாத்தனாருக்கு வழக்கு முழுவதிலும் உறைத்தது அது ஒன்றுதான்.

"சார்," என்றாள் நாடா. "காலையில சோபாவுல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எங்கப்பாவோட மேடம் போன்ல பேசினப்பவும் நீங்க அங்கதான் இருந்தீங்க."

இழை சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த அறையில் அப்போது கேலி பேச எனக்கும் வாய் வரவில்லை.

சீப்பு குட்டிக் கோட்டைப் பொம்மையிலிருந்து கழற்றி, கைப்பகுதிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நான்கு விரல் போயிற்று.

"இது இனிமே நாய்க்குத்தான் சரியா வரும்," என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஒரு நொடி முகம் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "மேடம், இதை என் தாங்கியில கொண்டுபோய் வைக்கறேன். அட்டையில 'தோழர்களுக்கே திருப்பிக் கொடுத்தது'ன்னு மாத்திடறேன்." பிறகு நாடா பக்கம் திரும்பினாள். "கோட்டைக் காணோம்னதும் நான் உன் பேரைத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"மன்னிச்சுக்கோடி."

"அதை நாளைக்குப் பேசிக்கலாம். நாளைக்கு நான் இங்க இருந்தா." நாடா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப அந்தக் குட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு."

முதல்வர் அங்கேயே கைப்பேசியை எடுத்து நாடாவின் அப்பாவை அழைத்தார். பெரிய மனதோடு, குரலில் தேன் தடவி, தவறு நடந்துவிட்டதாகச் சொன்னார். மறுமுனையில் அச்சகத்து இயந்திரச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அதைவிட உரக்க அவர் குரல்.

"காலையில திருடின்னதும் இதே குரல்தான். இப்ப இல்லைங்கறதும் இதே குரல்தான். நான் எதைங்க நம்பறது? வாயில வரதெல்லாம் காத்தோட போயிடும். நான் அச்சுத் தொழில் பண்றவன். காகிதத்துல இருந்தாத்தான் எனக்குச் சேதி. எழுத்துல குடுங்க. இல்லன்னா விடிஞ்சதும் வண்டியை எடுத்துடுவேன்."

எழுத்து என்றதும் என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்ததற்கு இப்போது கூலி.

முதல்வர் அறைக்குத் திரும்பினோம். இழை சாரை மேசையில் உட்கார வைத்துக் கல்லூரித் தாளைக் கொடுத்தேன். அவர் கையாலேயே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நெற்றியைத் தேய்த்து, பேனாவை உதறி, எழுதிக் காட்டினார்: 'மேற்படி கோட்டில் எதிர்பாராத சுருக்கம் ஏற்பட்டுவிட்டதாகத் தெரியவருகிறது.'

"யாருக்கு சார் தெரியவருது?" என்றேன். "கோட்டு தானா நடந்து போய் மெஷினுக்குள்ள படுத்துக்கிச்சா?"

"கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு..."

"யாருக்கு மரியாதை? அந்தப் பொண்ணோட அப்பாவுக்கா, உங்களுக்கா?"

அவர் அந்தத் தாளைக் கிழித்தார். இரண்டாவது தாளில் 'நான்' என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் தங்குதடையில்லாமல் வந்துவிட்டது. கோட்டை எடுத்தது நான். கெடுத்தது நான். வேறு இடத்தில் மறைத்து வைத்ததும் நான். என் பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் மகளைத் திருடி என்றபோது வாய் திறக்காமல் இருந்ததும் நான். உங்கள் மகள் எதையும் எடுக்கவில்லை. அந்தக் கோட்டுக்குப் பொத்தான் செய்து கொடுத்தாள்.

தாளை முதல்வர் பக்கம் நகர்த்தினேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"அதுக்கு மேல ஒரு வரி மேடம்," என்றேன்.

"என்ன வரி?"

"போன் பண்ணினது யார்ங்கற வரி."

முதல்வர் என்னை முறைத்தார். என் நாத்தனார் மேசையின் மேலிருந்த கண்ணாடி உருண்டையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முதல்வர் எழுதினார்: 'விசாரிப்பதற்கு முன்பே உங்களுக்குச் சொன்னது என் பிழை. உங்கள் மகள் படிப்பைத் தொடர்கிறாள்.' கையெழுத்து. கல்லூரி முத்திரை.

நாடாவிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே ஒருமுறை படித்தாள்; உட்கார்ந்து இன்னொருமுறை படித்தாள்.

"பரிசு கிடைக்க வாய்ப்பிருக்குன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?" என்றாள்.

"அந்த வரியை நீ நேர்ல சொல்லு. கையில பரிசை வெச்சுக்கிட்டு," என்றாள் நாத்தனார்.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். மடிப்பில் பசையைத் தடவி, நகத்தால் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தேன். மேலே அவள் அப்பாவின் பெயரையும் அச்சகத்தின் முகவரியையும் நாடாவே எழுதினாள். பெயருக்கு முன்னால் 'உயர்திரு' போட்டாள். எழுத்துப் பிசகாமல் அச்சடித்ததுபோல.

கண்காட்சிக்கு வந்த பொட்டலங்களை இறக்கிவிட்டுக் கூரியர்க்காரர் வாசலில் கிளம்பிக்கொண்டிருந்தார். நாடா ஓடிப்போய் உறையை நீட்டினாள்.

"இன்னைக்கே போயிடுமாண்ணா?"

"கடைசி வண்டியில ஏத்திடறேன். ராத்திரிக்குள்ள கையில இருக்கும்."

"நிச்சயமா?"

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். உறையை மற்றக் கடிதங்களோடு பையில் போடாமல், தன் சட்டையின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.